இடக்கைக் கிட்டார்

கம்பளை
12.01.2025

அன்புத் தங்கை யசோதாவுக்கு அண்ணன் சேதுராமன் எழுதுவது.

முருகன் அருளால் நானும் உன் அண்ணி கஜலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை. சொந்த அண்ணனின் போன் நம்பரையே தடுத்து வைக்கிறவளுக்கு உடம்பில் தெம்புக்கு என்ன குறை இருக்கப்போகிறது? முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிற காலம் மலையேறிவிட்டது என்று நினைத்திருந்தேன். என்னைத் திரும்பவும் தபால் கந்தோர் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய்.

நான் செய்த குற்றம் என்ன? உன் போட்டோ ஒன்றைத் தரகரிடம் கொடுத்தேன். நாற்பத்து மூன்று வயதுத் தங்கைக்கு வரன் தேடுவது கொலைக் குற்றமா? புசல்லாவையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பொன்னுத்துரை தங்கமான மனிதர். மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் இல்லை, குடி கிடையாது. என் பட்டறைக்கு ஆணியும் திருகும் அவர் கடையிலிருந்துதான் வருகின்றன. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அக்காவோடு உன்னைப் பார்க்க வருகிறார். நீ கம்பளைக்கு வந்து சேர வேண்டும்.

இன்னொன்று. உன் கந்தோரில் வேலை செய்யும் றம்ஸியாவை ரயில் ஸ்டேஷனில் கண்டேன். தினமும் கம்பளையிலிருந்து கண்டிக்கு ரயிலில் போய்வருகிற பிள்ளை, பொய் சொல்லாது. நீ வீட்டில் மரம் அறுக்கிறாயாம். மாநகரசபைக் கிளார்க்குக்கு மரம் அறுக்கிற வேலை எப்போது வந்தது?

பதில் போடு. போடாவிட்டால் நானே கட்டுக்கலையில் உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். அது உனக்குப் பிடிக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

உன் நன்மையைத் தவிர வேறொன்றும் நினைக்காத அண்ணன்,
சேதுராமன்


கட்டுக்கலை, கண்டி
21.01.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

சுகம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை மட்டும் உண்மையாகவே அறிய விரும்புகிறேன்.

பொன்னுத்துரை தங்கமாகவே இருக்கட்டும். எனக்குத் தங்கம் வேண்டாம், பித்தளைதான் வேண்டும். விஷயத்தைச் சொல்கிறேன்.

சனி ஞாயிறுகளில் நான் ஹோட்டல்களில் கிட்டார் வாசிப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாசிக்காதவள் போலவே என்னை நடத்திவருகிறீர்கள். டிரம் வாசிக்கும் நதாவும் பாடுகிற அவள் சிநேகிதியும் நானும் மாலைதீவில் ஒரு ஹோட்டலில் வாசிக்க ஒப்பந்தமாகியிருக்கிறோம். இரண்டு வருடம். ஜூன் முதல் வாரம் பயணம். கந்தோரில் சம்பளமற்ற விடுமுறை கிடைத்துவிட்டது.

அந்தத் தீவுக்குக் கடலில் இறங்குகிற சின்ன விமானத்தில்தான் போகவேண்டும். என் பெரிய கிட்டாரை ஏற்றமாட்டார்கள். ஆகவே கைப்பெட்டியில் அடங்குகிற சின்ன மின்சாரக் கிட்டார் ஒன்றை நானே செய்கிறேன். இதற்குத் தலை கிடையாது. கம்பி முறுக்குகிற திருகுகள் அடிப்பக்கத்தில் இருக்கும். மர வேலை பாதி முடிந்துவிட்டது. உலோகச் சாமான்தான் இல்லை. கொழும்புக் கடைகளில் என் கைக்கு ஏற்றது கிடைக்காது. கிடைக்கிற மலிவான இரும்பு கடற்காற்றில் மூன்று மாதத்தில் துருப்பிடித்துவிடும். பித்தளையில் ஒரு தகடு, அதன்மேல் கம்பிக்கு ஒன்றாக ஆறு தாங்கி, ஆறு திருகு, கழுத்து முனையில் கம்பியைக் கவ்வ ஒரு பிடி. படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். திருகின் புரி மெல்லியதாக இருக்கவேண்டும். தேயிலை மெஷினுக்கு வெட்டுகிற முரட்டுப் புரியில் சுருதி நிற்காது. நான் எந்தக் கைக்காரி என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் கேட்பது எனக்குக் கசக்கிறது. ஆனாலும் இந்த மலைநாட்டில் உங்களைப்போல் பித்தளை கடைகிறவர் வேறு யாரும் எனக்குத் தெரியாது.

என்ன மரம் அறுத்தேன் என்று கேட்டீர்கள். என் கல்யாணத்துக்கென்று நீங்கள் செய்வித்து என் வீட்டில் கொண்டுவந்து போட்ட மஹோகனிக் கட்டில். கால்மாட்டுப் பலகையும் ஒரு பக்கச் சட்டமும் போய்விட்டன. நன்றாகக் காய்ந்த மரம். அதற்கு நன்றி.

யசோதா


கம்பளை
02.02.2025

யசோதாவுக்கு,

இங்கு சுகம். அண்ணியின் முழங்கால் அப்படியேதான். உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டில் என்று வந்த இடத்தில் அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அந்த மரத்தைப் பார்த்துப் பார்த்து வாங்கியவள் அவள்தான்.

அந்தக் கட்டிலுக்குக் கடைச்சல் கால் நாலும் என் லேத்தில் கடைந்தவை. நீ அறுத்துத் தள்ளியிருக்கிறாய். கல்யாணம் வேண்டாம் என்று வாயால் சொல்ல முடியாதவள் வாளை எடுத்திருக்கிறாய். இப்போது அந்தப் பிணத்துக்கு நானே நகை செய்துபோட வேண்டுமாம்!

மாலைதீவுக்கு யார் போகிறார்கள்? கட்டட வேலைக்குப் பையன்கள் போகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் மாநகரசபைக் கதிரையில் உட்கார்ந்தவள், வெள்ளைக்காரன் சாப்பிடும்போது பக்கத்தில் நின்று கிட்டார் வாசிக்கப் போகிறாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்கே தெரியும்.

ஆனாலும் நான் வியாபாரி. கேட்ட சாமானைச் செய்து தருவேன். விலை இதுதான்: மார்ச் பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சேலை கட்டிக்கொண்டு இங்கே வந்து, பொன்னுத்துரையும் அவர் அக்கா வீரம்மாவும் வரும்போது, மனுஷி மாதிரி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அவரை ஒரு தரம் நேரில் பார்த்துவிட்டால் உன் மனம் மாறும் என்பது என் நம்பிக்கை. மாறாவிட்டால் உன் பித்தளையை எடுத்துக்கொண்டு போ.

சம்மதம் என்றால் பதில் போடவேண்டாம். வந்தால் போதும். உன் எழுத்தைப் பார்த்தாலே எனக்கு இப்போது நெஞ்சு எரிகிறது.

அண்ணன்


கம்பளை
18.03.2025

யசோதாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

வந்தாய். சேலை கட்டியிருந்தாய். அதுவரைக்கும் மரியாதை. பிறகு தேத்தண்ணித் தட்டோடு வந்து, வீரம்மாவின் முன்னால் நின்று, கோப்பையை இடக்கையால் நீட்டினாய். நாட்டில் எந்தப் பெண் வீட்டுக்கு வந்தவர்களுக்கு இடக்கையால் கொடுப்பாள்? பிச்சைக்காரனுக்குக் கூட அப்படிக் கொடுக்கமாட்டார்களே.

“என்னாங்க இது, பொண்ணு பீச்சாங்கையால குடுக்குது?” என்று அந்த அம்மா கேட்டார்.

“தட்டு கொஞ்சம் பாரமுங்க, அதான்…” என்று உன் அண்ணி சமாளித்தாள். அவள் சமாளித்து முடிப்பதற்குள் நீ பொன்னுத்துரைக்கும் அதே கையால் நீட்டினாய். அவரைப் பார்த்துச் சிரிக்க வேறு செய்தாய்! வீரம்மா கோப்பையை முக்காலியில் வைத்தவர் கடைசிவரை தொடவில்லை. நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நீ என் மேசை மேலிருந்த பித்தளைப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விட்டாய். சாப்பாட்டுக்குக் கூட நிற்கவில்லை. உன் அண்ணி விடியலிலிருந்து சமைத்த வடையும் பாயாசமும் யாருக்கு? வந்தவர்களும் சாப்பிடாமல் போனார்கள்.

அன்று நடந்ததைப் பஜார் முழுக்கப் பேசுகிறார்கள். இரும்பு வாங்கப் புசல்லாவைக்கு நான் இனி எந்த முகத்தோடு போவது?

உன் சாமானைப் பேசியபடி செய்து தந்துவிட்டேன். நான் சொன்ன சொல் மாறாதவன். நீ எப்படிப்பட்டவள் என்பதை ஊரே பார்த்துவிட்டது.

சேதுராமன்


கட்டுக்கலை, கண்டி
22.03.2025

அண்ணனுக்கு,

அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பாயாசத்தை விட்டு வந்தது பிழை. மற்ற எதற்கும் மன்னிப்புக் கிடையாது.

முதல் கோப்பையை நான் வேண்டுமென்று அப்படிக் கொடுக்கவில்லை. பாரமான தட்டை வலக்கையில் தாங்கினால், கொடுக்கிற வேலைக்கு என் இடக்கைதான் முன்னே போகும். அது என் கை. ஆனால் வீரம்மா அந்தக் கோப்பையைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்த பிறகு இரண்டாவதை வேண்டுமென்றுதான் கொடுத்தேன். பொன்னுத்துரை அதை இரண்டு கையாலும் வாங்கி, யார் சொல்லிக் கேள்விப்பட்டாரோ, “கிட்டாருக்கு என்ன கம்பிங்க போடுறது, நிக்கலா?” என்று கேட்டார். நீங்கள் வெற்றிலை தேடிக்கொண்டிருந்ததில் கேட்டிருக்கமாட்டீர்கள். நல்ல மனிதர்தான். அவருக்கு நல்ல துணை கிடைக்கட்டும். அது நானில்லை.

இனி உங்கள் சொல் மாறாத சாமானைப் பற்றி. பேராதனை வருவதற்கு முன் ரயிலிலேயே பிரித்துப் பார்த்தேன். பொத்தான் மாதிரி வழவழவென்று கடைந்திருந்தீர்கள். சந்தோஷத்தில் பக்கத்திலிருந்த அம்மாவிடம் கூடக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மரத்தின்மேல் வைத்தால் எல்லாமே தலைமாறிக் கிடக்கிறது!

தடித்த கம்பிக்கு ஓடுகிற நீளம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மெல்லிய கம்பிக்குக் குறைவாக வேண்டும். அதற்காகத்தான் தாங்கிகள் ஆறும் ஒரு சாய்வில் நிற்கின்றன. இடக்கைக்காரிக்கு அந்தச் சாய்வு மறுபக்கம் விழும். நான் அப்படித்தான் வரைந்திருந்தேன். நீங்கள் வலக்கைக்காரருக்குச் சாய்த்திருக்கிறீர்கள். இதைப் பூட்டினால் ஒரு ராகம் கூட ஒழுங்காக வராது. எல்லாச் சுரமும் பொய் பேசும்.

பட்டறையில் இத்தனை காலம் இருந்தவரால் ஒரு படத்தைப் பார்த்து அப்படியே செய்ய முடியாதா? அல்லது வேண்டுமென்றேதான் செய்தீர்களா? இரண்டில் எதுவென்று எழுதுங்கள். பயணத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது. கிட்டார் இல்லாமல் நான் போக முடியாது. நதா வேறு ஆளைத் தேடவேண்டியிருக்கும்.

யசோதா


கம்பளை
31.03.2025

யசோதாவுக்கு,

அண்ணி உன்னை மன்னித்துவிட்டாளாம். அவளுக்கு மன்னிப்பு மலிவு.

வேண்டுமென்று செய்தேனா என்று கேட்கிறாய். கேட்க உனக்கு வெட்கமில்லை. என் பட்டறையில் பகைக்காகச் சாமானைக் கெடுத்த நாள் கிடையாது.

நடந்தது இதுதான். உன் படத்தைப் பார்த்தேன். சாய்வு மாறியிருந்தது. என் சாமான் எல்லாம் வலம் பார்த்துத்தான் போகும், வலம் பார்த்துத்தான் வரும். கடுதாசியைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. சரி, பிள்ளை அவசரத்தில் அடிப்பக்கத்திலிருந்து பார்த்து வரைந்துவிட்டது, நாம்தான் நேராக்கவேண்டும் என்று நேராக்கினேன். எந்தக் கைக்காரி என்று சொல்லத் தேவையில்லை என்று நீயே எழுதியிருந்தாய். சொல்லத் தேவையில்லைதான். உன் கையை வலக்கையாக்கியவனே நான்தானே?

அப்பா சொல்லி, உன் இடக்கையை அம்மாவின் பழைய சேலைக் கரையால் கதிரைப் பிடியோடு கட்டிவைத்து, வலக்கையில் பென்சிலைத் திணித்தவன் நான். ஒரு மழைக்காலம் முழுக்கக் கட்டினேன். அழுதாய். கடித்தாய். விட்டேனா? இன்று உன் கையெழுத்து மாநகரசபையிலேயே முத்து முத்தான எழுத்து என்று றம்ஸியா சொல்கிறாள். அது யார் போட்ட அத்திவாரம்? அந்த நோய் அன்றே தீர்ந்துவிட்டது என்று இருந்தேன். அன்று தட்டோடு நீ வந்து நின்றபோதுதான் அது உள்ளே ஒளிந்திருந்தது தெரிந்தது.

எழுத்தை வலக்கைக்கு மாற்றினாய். கிட்டாரையும் மாற்று. இரண்டு மாதம் போதும். முடியாது என்றால் தகட்டைக் கவிழ்த்துப் பூட்டிப் பார். இன்னொரு தடவை கடைய எனக்கு நேரமில்லை.

அண்ணன்


கட்டுக்கலை, கண்டி
14.04.2025

அண்ணனுக்கு,

இன்று புத்தாண்டு. அண்ணிக்கும் உங்களுக்கும் வாழ்த்து. ஊர் முழுக்கப் பட்டாசு கொளுத்துகிறார்கள். நான் அரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தகட்டைக் கவிழ்க்க முடியாது. கம்பி ஓடுகிற பள்ளம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. வெட்டியவருக்கே அது நினைவில்லை.

நோய் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மழைக்காலம் எனக்கும் நினைவிருக்கிறது. நீங்கள் கட்டை அவிழ்த்ததும் நான் முதலில் செய்கிற வேலை, அந்தக் கையை மடிக்குள் வைத்து மூடிக்கொள்வதுதான். பள்ளிக்கூடத்தில் மூடினேன். கோயிலில் விபூதி வாங்கும்போது மூடினேன். கந்தோர் நேர்முகப் பரீட்சையில் கூட, பெரியவர்களாக நாலு பேர் முன்னால், மடியில் மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வளர்ந்த பிறகு யாரோ வீட்டில் ஒரு கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்தேன். அந்தக் கை தானாக எழுந்து கம்பியைத் தட்டியது. அன்று எனக்கு வந்த அழுகையை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் எப்படிச் சொல்வது?

உங்களை வெறுக்கிறேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் உங்கள் வீட்டுக்குள் வந்தால் இன்றைக்கும் என் கை மடிக்குப் போகிறது. அதை வெறுக்கிறேன். அன்று தட்டோடு நின்றபோதுதான் முதல் தடவையாக உங்கள் எதிரில் அது போகவில்லை. அதற்குத்தான் நீங்கள் ஊர் பேசுகிறது என்று எழுதுகிறீர்கள்.

போன வாரம் சாமானைக் கண்டியில் ஒரு லேத்காரரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருங்க செஞ்சது? வேல சுத்தமா இருக்கு, ஆனா தல மாறிக் கெடக்கே?” என்றார். கம்பளை சேதுராமன் என்றேன். “அவருங்களா? வயசாயிட்டுதோ?” என்று சிரித்தார். இவ்வளவு மெல்லிய புரி தன்னால் வெட்ட முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார்.

ஆகவே உங்கள் தகட்டையே நான் அறுத்து, துளையை மாற்றிப் பார்க்கிறேன். போட்ட துளைகளில் இரண்டு இப்போதே கோணிவிட்டன. உள்ளங்கையும் கிழிந்திருக்கிறது. எந்தக் கை என்று கேட்காதீர்கள்.

இனி உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை.

யசோதா


கம்பளை
23.05.2025

யசோதாவுக்கு,

சுகம்.

றம்ஸியாவிடம் பெட்டி கொடுத்துவிட்டிருக்கிறேன். தகடு, தாங்கி, திருகு, பிடி, எல்லாம் புதிது. உன் படத்தைத் திருப்பாமல், வெளிச்சத்தில் பிடிக்காமல், அப்படியே செய்திருக்கிறேன். புரி வெட்டுகிற அச்சு கொழும்பிலிருந்து வரத் தாமதமானது. அதனால்தான் நாள் போனது, வேறொரு காரணமும் இல்லை.

இது உனக்காகச் செய்ததல்ல. வயசாயிட்டுதோ என்று கேட்டவனிடம் இதைக் கொண்டுபோய்க் காட்டு. காட்டிவிட்டு அவன் என்ன சொன்னான் என்று எழுது. பழைய தகட்டைத் திருப்பி அனுப்பு. என் பெயரில் அது கண்டியில் சுற்றக்கூடாது.

பொன்னுத்துரைக்கு ஹுன்னஸ்கிரியவில் ஒரு பெண் பேசியாகிவிட்டது. உனக்குத் தெரிவிக்கிறேன். பின்னால் வருத்தப்பட்டுப் பயனில்லை.

அண்ணன்


கட்டுக்கலை, கண்டி
30.05.2025

அண்ணனுக்கு,

பெட்டி கிடைத்தது. பொருந்துகிறது. அரம் தொடவேண்டிய தேவையே வரவில்லை. திருகைத் தொட்டால் வெண்ணெய் மாதிரி நகர்கிறது, விட்டால் அங்கேயே நிற்கிறது. இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். பொய் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதினேன்.

லேத்காரரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு திருகை வைத்துக்கொள்ளட்டுமா, பார்த்துச் செய்யப் பழக என்று கேட்டார். கொடுக்கவில்லை.

நேற்று கம்பி பூட்டினேன். நதாவும் அவள் சிநேகிதியும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டும்வரை வாசித்தோம். கைப்பெட்டியில் சேலை இரண்டோடு சேர்த்து வைத்தாலும் மூடி சாத்துகிறது.

றம்ஸியா ஒரு கதை சொன்னாள். பெட்டியை வாங்க உங்கள் பட்டறைக்கு வந்தபோது நீங்கள் அவள் வந்ததைக் கவனிக்கவில்லையாம். ஒரு பலகையில் ஆணி அடித்துக் கம்பி கட்டி, அதை மடியில் வைத்து, இடக்கையால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்களாம். நான் நம்பவில்லை. றம்ஸியா பொய் சொல்லமாட்டாள் என்று நீங்கள்தான் எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் நம்பவில்லை.

பழைய தகட்டை அவளிடமே அனுப்புகிறேன். நான் கோணலாகப் போட்ட துளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

நாலாம் தேதி பயணம். வழியனுப்ப வரவேண்டாம். வந்தால் ஏதாவது சொல்வீர்கள், நானும் சொல்வேன். அந்த நாள் எனக்கு நல்ல நாளாக இருக்கவேண்டும். விலாசத்தைத் தனித் துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணி எழுதலாம்.

யசோதா


கம்பளை
24.07.2025

யசோதாவுக்கு,

இங்கு மழை. அண்ணிக்கு எழுதத் தெரியும், எழுதமாட்டாள். ஆகவே நான் எழுதுகிறேன். அவள் கேட்கச் சொன்னது: நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அங்கே கறிவேப்பிலை கிடைக்குமா?

நான் கேட்பது வேறு. நீ போனபிறகு இங்கே என் தலை உருள்கிறது. யசோதா யாரோ ஒருவனோடு ஓடிப்போய்விட்டாள் என்று வீரம்மா புசல்லாவையில் சொல்ல, பஸ்ஸில் ஏறி அது கம்பளைக்கு வந்துவிட்டது. போன கிழமை கோயிலில் ஒருவன், “தங்கச்சி எங்கிட்டு இருக்குங்க? யாரு மாப்புள?” என்று என்னிடமே கேட்கிறான். அவன் கன்னத்தில் ஒன்று வைக்காமல் வந்ததே பெரிய காரியம்.

இந்த வாய்களை மூடவேண்டும். உன் போட்டோ ஒன்றை அனுப்பு. கடிதத்தில் வரட்டும், போனில் எனக்குத்தான் வழி அடைத்திருக்கிறாயே. சேலையில் நில். கையில் கிட்டார் இருக்கட்டும், அப்போதுதான் வேலைக்குப் போனாய் என்று நம்புவார்கள். பின்னால் அந்த ஹோட்டலின் பெயர்ப்பலகை எழுத்து எழுத்தாகத் தெரியவேண்டும். அதுதான் முக்கியம். சந்தேகப்படுகிறவன் வாசித்துப் பார்த்து வாயை மூடவேண்டும். பக்கத்தில் ஆண்பிள்ளை யாரும் நிற்கக்கூடாது.

இது என் மரியாதைக்காகக் கேட்பது. உன்னைப் பார்க்க ஆசைப்பட்டுக் கேட்பதாக நினைத்துவிடாதே.

சேதுராமன்


மாலைதீவு
19.08.2025

அண்ணனுக்கு,

சாப்பிடுகிறேன். கறிவேப்பிலை இல்லை. அண்ணியிடம் சொல்லுங்கள், அவருடைய மீன்குழம்பை நினைத்தால் இங்கே கடலைப் பார்த்தாலே கோபம் வருகிறது.

ஓடிப்போனது உண்மைதான். யாரோடு என்று தெரியாமல் வீரம்மா தவிக்க வேண்டாம். நதாவோடும் அவள் சிநேகிதியோடும் ஓடினேன். இரவுக்கு இரண்டு தடவை வாசிக்கிறோம். பித்தளை கறுக்கிறது, துருப்பிடிக்கவில்லை. துடைத்தால் பளிச்சென்று வருகிறது. வந்த நாளிலிருந்து சுருதி இறங்கவே இல்லை.

போட்டோ இத்துடன் வைத்திருக்கிறேன். ஹோட்டலில் விருந்தாளிகளைப் படம் பிடிக்கிறவர் எடுத்து அச்சடித்துத் தந்தார். நீங்கள் கேட்டபடி சேலை, கிட்டார், பெயர்ப்பலகை எல்லாம் இருக்கின்றன. ஆண்பிள்ளை இல்லை. யோசித்துத்தான் அனுப்புகிறேன், ஏனென்றால் நன்றாகப் பாருங்கள், இதில் நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே இருக்கிறேன். என் கை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் எனக்குப் பிடித்த என் முதல் படம் இது. காட்டுவதானால் எல்லோருக்கும் காட்டுங்கள். வெட்கமாக இருந்தால் கிழித்துப்போடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம்.

யசோதா


கம்பளை
28.09.2025

யசோதாவுக்கு,

நானும் அண்ணியும் சுகம். போட்டோ பத்திரமாக வந்து சேர்ந்தது. அண்ணி அதைக் கையில் வைத்துக்கொண்டு அன்று சோறு வடிக்க மறந்துவிட்டாள்.

கிழிக்கவில்லை. கிழிப்பேன் என்று நீ நினைத்தது உன் புத்தி. பஜாரில் இருக்கிற ஸ்டூடியோவில் கொடுத்து, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பட்டறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்டியிருக்கிறேன். இரும்பு கடைய வருகிறவன், வெட்ட வருகிறவன், சும்மா வருகிறவன் எல்லாரும் பார்க்கிறார்கள். என் தங்கச்சி, மாலைதீவில் பெரிய ஹோட்டலில் வேலை, அந்தப் பித்தளை முழுக்க என் கைவேலை என்கிறேன். பொன்னுத்துரை கூட வந்து வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். வீரம்மாவின் வாய் அடைத்துவிட்டது.

ஒரே ஒரு குறை இருந்தது. அதையும் ஸ்டூடியோக்காரனிடம் சொல்லிச் சரிசெய்துவிட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் படத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கமாகத் திருப்பிவிடலாமாம். திருப்பி நேராக்கித் தந்தான். இப்போது நீ எல்லோரையும் போல வலக்கையால் வாசிக்கிறாய். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது தெரியுமா? பின்னால் இருக்கிற பலகையில் எழுத்தெல்லாம் மாறிப்போய்விட்டது. ஒருத்தன் அதைக் கேட்டான். அது மாலைதீவு பாஷை, அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டேன். நம்பிவிட்டான்.

அண்ணிதான் சட்டத்துக்கு முன்னால் நின்று, “என்னாங்க, இது நம்ம யசோதா மாதிரியே இல்லீங்களே, வேற யாரோ மாதிரி இருக்கு” என்கிறாள். நானும் காலையில் பட்டறை திறக்கும்போது ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். எனக்கும் முகம் வேறு யாருடையதோ போலத்தான் படுகிறது. ஆனால் கை சரியாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்
சேதுராமன்